விட்டுவிட்டு எரியும் விளக்கும் சுர்ரென்ற பெட்டியும்

கேள்வி: முட்டத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு கடையில் சொல்லிச் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். கண்ணாடி வைத்த கேபினட். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என நான்கு வண்ண விளக்கு ஃபேன்கள், மேலே ஒரு விளக்குப் பட்டை. முன் ஃபேன்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, அங்கிருந்து பின் ஃபேன், அங்கிருந்து மேல் பட்டை என்று எல்லாம் மதர்போர்டின் ஒரே இணைப்பில் முடிகின்றன. ஆடி மாதத்திலிருந்து பின் ஃபேனும் பட்டையும் துடிக்கின்றன. நான் கேட்காத நிறமெல்லாம் வருகிறது. முன் மூன்றும் ஒழுங்காக எரிகின்றன. வெள்ளை நிறம் வைத்தால் பட்டையின் கடைசிப் பகுதி சிவந்துபோகிறது. காலையில் போட்டதும் மோசம். அரை மணி நேரத்தில் ஓரளவு அடங்கும். கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பகுதி) போய்விட்டது, 6,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஆனால் இரவு முழுவதும் ரெண்டர் (முடிந்த வீடியோவை உருவாக்கும் வேலை) போட்டாலும் கம்ப்யூட்டர் நிற்பதில்லை. மாற்றிவிடலாமா? கைபேசியில் எடுத்த வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பி.கு.: வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. ஷட்டவுன் செய்த பிறகும் விளக்கு எரிகிறது, அது எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி பின்குறிப்பில் இருக்கிறது. விளக்கு துடிப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, பெட்டி சுர்ரென்பதை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். நான் தலைகீழாகப் பதில் சொல்லப்போகிறேன்.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நுழைவாயிலிலேயே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டியின் உலோகத்துக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து அதே உலோகத்துக்கு. எர்த் சரியாக இருந்தால் அவை கசியவிடும் துளி மின்சாரம் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி நடுவில் தொங்கும். 230 வோல்ட்டுக்கும் சுழிக்கும் நடுவே என்றால் ஏறத்தாழ 115 வோல்ட். நீங்கள் வெறுங்காலோடு தொடும்போது அந்தத் துளி உங்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது, அதுதான் சுர்.

அந்தக் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதனால் ஆளை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது அதைப் பார்த்தல்ல, அது சொல்லும் செய்தியைப் பார்த்து: உங்கள் பெட்டிக்கு எர்த் இல்லை. நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் வயர் நைந்து உலோகத்தில் பட்டால், மின்சாரம் போவதற்கு வேறு வழி இல்லை, நீங்கள்தான் வழி. இன்னொன்று, நீங்கள் நாள் முழுக்க கேமராவையும் ஹார்ட் டிஸ்க்கையும் டி.வி.யையும் செருகிக் கழற்றுகிறவர். இப்படித் தொங்கும் பெட்டியில் கேபிளைச் செருகும்போது பொறி தட்டி எச்.டி.எம்.ஐ. வாசல் செத்துப்போன மதர்போர்டுகளை நான் மேசையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். மூன்று துளை இருப்பதால் மூன்று வயர் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டே வயரில் ஓடுபவையும் உண்டு. அது சரியாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்டை மூன்று விதமாக அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதுவே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கடைசி அளவு துல்லியமாகச் சுழியம் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். யாரோ ஒரு புத்திசாலி, பிளக் பெட்டிக்குள்ளேயே எர்த் பின்னை நியூட்ரலோடு முடிந்து வைத்திருக்கலாம். அது எர்த் இல்லாததைவிட மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்க ஃபேஸ் ஏறிவிடும்.

கடற்கரை வீடுகளில் எர்த் குழியே இறந்துபோயிருப்பதும் உண்டு. மேல் மணல் காய்ந்துவிட்டால் மின்சாரம் கடத்தாது. குழியில் நட்ட குழாயும் அதில் கட்டிய வயரும் உப்பில் இற்று, தொட்டால் கையோடு வரும். கிளாம்பைத் தட்டிப் பாருங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கம் மூடநம்பிக்கை இல்லை, கணக்குத்தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டில் இல்லையென்றால் அதையும் அப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். 6,000 ரூபாய் செலவழிக்கத் தயாராக இருக்கிறீர்கள் அல்லவா, அதில் முதல் பங்கு இதற்குப் போகட்டும்.

பெட்டி சுர்ரென்பதால்தான் விளக்கு துடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. உள்ளே ஓடும் 5 வோல்ட்டுக்கு வீட்டு எர்த் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டும் வேறு வேறு வியாதி. ஆனால் இரண்டுக்கும் தாய் ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றுகிறது: உப்பு.

இனி விளக்குக்கு வருவோம். முட்டத்தில் விட்டுவிட்டு எரிய உரிமை உள்ள விளக்கு கலங்கரை விளக்கம் ஒன்றுதான். உங்கள் ஃபேனுக்கு அந்த உரிமை கிடையாது.

வீடியோவை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அதில் முன் ஃபேன்களும் கோடு கோடாக ஓடுவதுபோலத் தெரிகிறது. அது கோளாறு அல்ல. கல்யாண மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை 50-இல் ஒரு பங்கில் வைக்காவிட்டால் படத்தில் பட்டை ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கேயும் ஏறக்குறைய அதே கதை, ஆனால் 50 ஹெர்ட்ஸ் கரன்டின் வேலை அல்ல. இந்த எல்.இ.டி.க்கள் பிரகாசத்தைக் குறைப்பதே நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து அணைந்து எரிந்துதான். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். ஆகவே வீடியோவை நம்பாமல், நீங்கள் கண்ணால் பார்த்து எழுதியதை மட்டும் நம்பிப் பேசுகிறேன். அது அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரர் கேட்டிருக்க வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன.

பழைய சீரியல் செட் ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு பல்பு ஃபியூஸானால் வரிசையே அணைந்துவிடும். ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அங்கே கரன்டே வரிசையாகப் போகிறது. உங்கள் ஃபேனில் அப்படி இல்லை. 5 வோல்ட் எல்லா விளக்குக்கும் பக்கவாட்டில் சமமாகக் கிடைக்கிறது. வரிசையில் போவது செய்தி மட்டும். மூன்று பின்னில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், நடுவில் உள்ளது செய்தி.

மாலை நேரத்து நாகர்கோவில் பஸ்ஸில் பின்னால் நிற்பவர் டிக்கெட்டுக்கான காசைக் கை மாற்றிக் கை மாற்றி நடத்துநரிடம் அனுப்புவார் இல்லையா, அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். மதர்போர்டு நடத்துநர், ஒரு கட்டு டிக்கெட்டை முதல் ஆளிடம் கொடுக்கிறது. முதல் எல்.இ.டி. தன் நிறத்தைச் சொல்லும் 24 பிட்டைக் கிழித்துக்கொண்டு மீதிக் கட்டை அடுத்த ஆளிடம் நீட்டுகிறது. அடுத்தது தன் பங்கை எடுத்துக்கொண்டு அதற்கடுத்த ஆளிடம். கூட்டத்தின் நடுவில் ஒரு கை தவறவிட்டால் அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் தப்பான டிக்கெட். முன்னால் நிற்பவர்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

முன் மூன்று ஃபேன்கள் நன்றாக எரிகின்றன. பின் ஃபேனும் அதற்கப்புறம் பட்டையும் பிதற்றுகின்றன என்கிறீர்கள். அப்படியானால் கை தவறிய இடம் மூன்றாவது முன் ஃபேனின் கடைசி விளக்குக்கும் பின் ஃபேனின் முதல் விளக்குக்கும் இடையில். அங்கே இருப்பது ஒரே ஒரு மூன்று பின் செருகி. பட்டையை இப்போதைக்கு விட்டுவிடலாம்; அது தனக்கு வந்த தப்பான கட்டை நம்பி எரிகிறது, பாவம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். முட்டத்தில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, உப்பு பறக்கிறது. கேபினட்டின் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்று நினைக்கிறேன். சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் டப்பாவில் நீர்த்துப்போகிறதே, அதே வேலைதான். பின்களின் மேல் படிந்த உப்புத்தூசியும் இரவெல்லாம் ஈரம் குடிக்கிறது. காலையில் நீங்கள் கம்ப்யூட்டரைப் போடும்போது அந்தச் செருகியில் ஈர உப்பும் பச்சைக் களிம்பும். அரை மணி நேரத்தில் பெட்டி சூடாகி ஈரம் காய்கிறது, துடிப்பு அடங்குகிறது. தேய்ந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சில சமயம் காலையில் முரண்டு பிடிக்கும்தான்; ஆனால் அது முன் மூன்று ஃபேன்களை மட்டும் விட்டுவைக்காது. இதற்காகவே அந்த 6,000 ரூபாயைத் தற்போதைக்கு உங்கள் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்கிறேன்.

வெள்ளை நிறத்தில் மோசமாவதற்கும் விளக்கம் உண்டு. வெள்ளை என்றால் ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு மூச்சில் எரிய வேண்டும். பழைய கணக்குப்படி ஒரு விளக்குக்கு அதிகபட்சம் 60 மில்லி ஆம்பியர். இப்போது வரும் சில வகைகளில் 36 அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஃபேனுக்குப் பத்து விளக்கு, பட்டையில் அறுபது என்று வைத்தால் மொத்தம் நூறு. அதாவது 3.6 ஆம்பியரிலிருந்து 6 ஆம்பியர் வரை. மதர்போர்டின் அந்த ஒரு வாசல் பொதுவாக 3 ஆம்பியர்தான் தாங்கும். உங்களுக்குப் பூட்டிக் கொடுத்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. வண்ணம் வண்ணமாக ஓடும்போது மூன்று நிறமும் ஒன்றாக எரியாததால் இதுவரை தப்பித்துவிட்டீர்கள்.

அத்தனை கரன்டும் மெல்லிய வயரிலும் களிம்பேறிய பின்னிலும் போகும்போது 5 வோல்ட் வழியிலேயே தேய்கிறது. சிவப்பு எல்.இ.டி. எரிய 2 வோல்ட் போதும்; பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வேண்டும். வோல்ட் குறைந்தால் முதலில் மங்குவது நீலமும் பச்சையும், மிஞ்சுவது சிவப்பு. பட்டையின் வால் சிவந்ததன் ரகசியம் அவ்வளவே. கூடவே, கிரவுண்ட் பின்னில் களிம்பு இருந்தால் கரன்ட் கூடும்போதெல்லாம் அந்தக் கிரவுண்டே சற்று மேலே எழும்பும். செய்தியின் ஏற்ற இறக்கத்தை அதை வைத்துத்தான் விளக்குகள் படிக்கின்றன. அளவுகோலே ஆடினால் அளவு எப்படிச் சரியாக வரும்?

இதையெல்லாம் அப்படியே நம்பாமல் சோதித்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில். கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, விண்டோஸுக்குப் போகாமல் பயாஸ் (மதர்போர்டின் சொந்த அமைப்புகள்) திரையிலேயே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அங்கேயும் துடித்தால் விண்டோஸில் உள்ள விளக்கு மென்பொருள்களின் குற்றம் இல்லை. பயாஸில் அமைதியாக இருந்து விண்டோஸில் மட்டும் ஆடினால் ஆரா, மிஸ்டிக் லைட், ஆர்.ஜி.பி. ஃபியூஷன் போன்றவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா, விண்டோஸ் 11-இன் டைனமிக் லைட்டிங்கும் கூடச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார் என்ற நிலைமை அது. உங்கள் விஷயத்தில் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன். மென்பொருளுக்குக் காலை ஈரம் தெரியாது.

அடுத்து, நிறத்தை வெறும் சிவப்பாக்கி, பிரகாசத்தை 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். துடிப்பு நின்றால் குற்றம் கரன்ட் போகும் பாதையில் என்பது உறுதி.

பிறகு திறக்கலாம். ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மீதி மின்சாரத்தை வடியவிடுங்கள். பின் ஃபேனுக்குப் போகும் செருகியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் மங்கியோ பச்சை பூத்தோ இருந்தால் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஐந்தாறு முறை செருகிக் கழற்றுங்கள். உரசலிலேயே படலம் போய்விடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிரிக்காதீர்கள், நம் மாவட்டத்தில் தடவிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பூச்சே அரிக்கப்பட்டு செம்பு தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை. அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசு.

திரும்பச் செருகும்போது கவனம். செருகியில் அம்புக்குறி இருக்கும் பக்கம் 5 வோல்ட். மதர்போர்டிலும் 5வி என்ற எழுத்து இருக்கும், அதோடு பொருத்துங்கள். அதே போர்டில் நான்கு பின்னும் வரிசையாக உள்ள 12 வோல்ட் வாசல் ஒன்றும் இருக்கலாம். மூன்று பின் செருகியை அவசரத்தில் அதில் சொருகினால் நூறு விளக்கும் ஒரு நொடியில் கருகிவிடும். அப்புறம் துடிப்புப் பிரச்சினையே இருக்காது!

செருகியைச் சுத்தம் செய்தும் பின் ஃபேன் ஆடினால், அதைச் சங்கிலியிலிருந்து விலக்கித் தனியாக மதர்போர்டில் செருகிப் பாருங்கள். தனியாக நன்றாக எரிந்தால் மூன்றாவது முன் ஃபேனின் வெளியேறும் பக்கம் கெட்டிருக்கிறது. தனியாகவும் ஆடினால் பின் ஃபேனின் முதல் எல்.இ.டி. போய்விட்டது, ஃபேனைத்தான் மாற்ற வேண்டும். எது வந்தாலும், பட்டையை இந்தச் சங்கிலியில் தொங்கவிடாதீர்கள். பல மதர்போர்டுகளில் இரண்டாவது 5 வோல்ட் வாசல் இருக்கும், அதில் போடுங்கள். இல்லையென்றால் சாட்டா இணைப்பிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்கு எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் தரும் செருகி) நேராக 5 வோல்ட் எடுத்து விளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப் ஒன்று வாங்குங்கள்; அப்போது மதர்போர்டு செய்தியை மட்டும் கொடுக்கும், சுமையை எஸ்.எம்.பி.எஸ். ஏற்கும். ஹப்புக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த சாட்டா வயரையே பயன்படுத்துங்கள். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் செருகியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான, வார்த்து மூடிய மாற்றி வேண்டாம்; அவை உள்ளே ஷார்ட்டாகித் தீப்பிடிக்கும் இனம்.

கடைக்காரரின் பேச்சுக்கும் ஒரு மரியாதை கொடுத்துவிடுவோம். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் உண்டென்றால், வெள்ளை விளக்கு எரியும்போதே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மோலெக்ஸ் செருகியில் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே அளங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி. 5 வோல்ட் உண்மையிலேயே சரிந்தால் முதலில் அழுவது விளக்கு அல்ல, யு.எஸ்.பி.யில் போட்ட ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும், சாட்டா எஸ்.எஸ்.டி. தடுமாறும், ரெண்டர் பாதியில் நிற்கும். உங்களுக்கு இரவு முழுக்க ஓடுகிறது. அளவு 4.75-க்குக் கீழே காட்டினால் மட்டும் மாற்றுங்கள்; எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்காதீர்கள்.

அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இதேபோலத் துடித்த ஒரு கம்ப்யூட்டருக்கு நானும் எஸ்.எம்.பி.எஸ். மாற்றிக் காசு வாங்கினேன். வேலை செய்தபோது செருகிகளைக் கழற்றிப் பூட்டினேன் அல்லவா, அதில் களிம்பு உரசிப் போய் விளக்கு நின்று எரிந்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

கேபினட்டை ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். அணைத்த சூட்டோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதை விட்டுவிடுங்கள், அது ஈரத்தை உள்ளேயே காப்பாற்றும். பருத்தித் துணி போதும். வேலை இல்லாத நாளிலும் மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஷட்டவுன் செய்த பிறகும் விளக்கு எரிவது கோளாறு இல்லை. பிளக் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மதர்போர்டுக்கு ஒரு சிறு 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பயாஸில் பவர் பகுதியில் ஈஆர்பி என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்கிவிட்டால் அணைந்துவிடும். அதோடு, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது யு.எஸ்.பி.யில் கைபேசி சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும். இரவில் கேமரா பேட்டரியை அதில்தான் போட்டு வைக்கிறீர்கள் என்றால் முதலில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முகூர்த்தம் இருக்கும்.